கேட்லாக் அச்சிட்டு மொத்தமாகத் தபாலில் அனுப்புவது: பொள்ளாச்சி–பாலக்காடு எல்லைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று எல்லையின் இரண்டு பக்கமும் நாற்றுப் பண்ணை, விதைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை நடத்துகிறவர்கள் கேட்லாக் அடிக்க வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் டிசைனை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் சில பதில்களில் கொஞ்சம் கண்டிப்பு தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்லாக் போடலாம் என்று இருக்கிறோம். முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எடையை. அட்டைப் படம், பக்க எண்ணிக்கை, வழவழப்பு எல்லாம் அப்புறம்.

சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், இன்னொரு 5 ரூபாய். 19 கிராம் கேட்லாக்குக்கு 5 ரூபாய் என்றால் 21 கிராமுக்கு 10 ரூபாய். மூவாயிரம் பேருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த இரண்டு கிராமின் விலை 15,000 ரூபாய். அச்சுக்கூலியில் பத்து பைசா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே ஒரு பிரதிக்குத் தபால் செலவு எவ்வளவு தாங்கும் என்று முதலில் சொல்லுங்கள். அது 5 ரூபாயா 10 ரூபாயா என்பதுதான் தாளையும் அளவையும் பக்கத்தையும் தீர்மானிக்கும்.

முன்பு 'புக் போஸ்ட்' என்று போட்டு மலிவாக அனுப்பினோமே, இப்போது முடியாதா?

முடியாது. அந்த வகை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதுவரை உறையின் ஒரு பக்கத்தை ஒட்டாமல் திறந்து வைத்து, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் 50 கிராமுக்கு 4 ரூபாயில் போனது. அச்சிட்ட விலைப்பட்டியலும் கேட்லாக்கும் அதில் போகலாம் என்பதால் விதைக்கடைக்காரர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் 48 கிராம், 49 கிராம் என்று புத்தகம் அடித்தார்கள். இன்று அதே புத்தகத்தை அப்படியே மறுபதிப்புப் போட்டால் 15 ரூபாய் ஆகும்.

பழைய கேட்லாக் ஃபைலைத் திறந்து விலையை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னட்டை மூலையில் அந்த இரண்டு வார்த்தைகளும் இன்னும் உட்கார்ந்திருக்கும். எடுத்துவிடுங்கள்.

புத்தகங்களுக்குப் புதிதாக 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறதாமே?

2025 மே 1 முதல் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. ஆனால் அது பாடப் புத்தகம், சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது. வணிக நோக்கமுள்ள வெளியீடும் விளம்பரம் அடங்கியதும் அதில் சேராது. நூலின் கடைசியில் இருக்கும் புத்தகப் பட்டியல் போன்ற சிறிய அறிவிப்புக்கு மட்டும் விலக்கு. உங்கள் கேட்லாக் முழுக்க முழுக்க விளம்பரம். நான்கு பக்கம் 'தென்னை வளர்ப்பு முறைகள்' என்று கட்டுரை சேர்த்துவிட்டால் புத்தகம் ஆகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பத்திரிகைக்கு 25 பைசாவில் தபால் போகிறதே, கேட்லாக்கை மாத இதழாகப் பதிவு செய்தால்?

அந்தச் சலுகை பதிவு பெற்ற செய்தித்தாள்களுக்கு. செய்தியோ நடப்பு விஷயமோ பெரும்பகுதியாக இருக்க வேண்டும், 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும். ஒரு கேட்லாக்குக்காக இவ்வளவு வேஷம் கட்டத் தேவையில்லை.

சரி, 20 கிராமுக்குள் எத்தனை பக்கம் கொண்டுவரலாம்?

இதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கணக்கு கடினமில்லை.

ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஆகவே 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு ஏ4 இதழ் 5 கிராம், அதில் பாதியான ஏ5 இதழ் இரண்டரை கிராம். இந்த ஒன்றை மனதில் வைத்தால் எந்தப் புத்தகத்தையும் அடிப்பதற்கு முன்பே எடை போட்டுவிடலாம்.

16 பக்கம் என்றால் 8 இதழ். ஏ5 அளவில் 80 ஜிஎஸ்எம் தாளில் 20 கிராம். அதாவது சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. அதோடு முகவரி லேபிள், நடுவில் அடிக்கும் பின், மை எல்லாம் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும். 70 ஜிஎஸ்எம் என்றால் பதினேழரை கிராம், நிம்மதி. 90 என்றால் 22, போச்சு.

80 ஜிஎஸ்எம் தாள்தான் வேண்டும் என்று நினைத்தால் அளவைக் குறையுங்கள். ஏ5 என்பது 14.8 x 21 சென்டிமீட்டர். இதை 14 x 20 ஆக வெட்டினால் 16 பக்கமும் சேர்ந்து 18 கிராமுக்குள் அடங்கும். படிக்கிறவர் கைக்கு வித்தியாசமே தெரியாது.

14 சென்டிமீட்டர் அகலத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் பக்கத்து அச்சகங்களில் 18 x 23 அங்குல டெமி தாள்தான் அதிகம் ஓடுகிறது. அந்தத் தாளின் நீளம் 58.4 சென்டிமீட்டர். நான்கு ஏ5 இதழை அதில் அகலவாக்கில் வரிசையாக வைத்தால் 59.2 வரும், இடம் போதாது. 14 சென்டிமீட்டர் என்றால் நான்கும் உட்கார்ந்து வெட்டுக்கும் இடம் மிச்சம் இருக்கும். ஒரு தாள், இரண்டு பக்கம் அச்சு, மடித்தால் 16 பக்கம், இதைத்தான் ஒரு பாரம் என்பார்கள். கழிவு குறைவு. ஏ5 என்று பிடிவாதம் பிடித்தால் பெரிய தாள் வாங்கி ஓரத்தை வெட்டிக் குப்பையில் போட வேண்டும், அந்தக் குப்பைக்கும் காசு உங்களுடையதுதான்.

16 பக்கம் போதாதா? அடுத்த நல்ல நிறுத்தம் 32 பக்கம். 70 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 அளவே வைத்தாலும் 35 கிராம். 40 கிராம் வரை 10 ரூபாய் என்பதால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். இந்த அளவில் 24 பக்கம் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 5 ரூபாய் கோட்டை எப்படியும் தாண்டிவிடுகிறது, ஒன்றரைப் பாரம் என்பதால் அச்சிலும் லாபம் இல்லை. தாண்டியதுதான் தாண்டினோம், 32 பக்கமாகவே போடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒற்றைத் தாள் போதும். 70 ஜிஎஸ்எம் ஏ3 தாள் 8.7 கிராம்தான். அதை மூன்று முறை மடித்து ஓரத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் கையடக்கமாக ஒரு விலைப்பட்டியல். முப்பது வகை நாற்றுக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது.

கணக்குப் போட்டதை நம்பி நேரே அச்சுக்குக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். டம்மி கட்டச் சொல்லுங்கள். அடிக்கப் போகும் அதே தாளில், எழுத்தில்லாமல், அதே அளவுக்கு வெட்டி, பின் அடித்து, லேபிளும் ஒட்டித் தருவார்கள். அதைத் தபால் நிலையத்துக்கே கொண்டுபோய் அவர்கள் தராசில் வைத்துப் பாருங்கள். 70 ஜிஎஸ்எம் என்று கட்டில் எழுதியிருக்கும் தாள் 72 ஆகவும் இருக்கலாம். அதோடு நம் ஊர் ஆடி மாதம் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு கனம் கூடும். கோடையில் எடை போட்ட டம்மியை நம்பி மழையில் புத்தகத்தை அனுப்புகிறவர்கள் ஒன்றரை கிராமாவது விட்டுவைக்க வேண்டும். தராசு 20 என்று காட்டினால் அது 20 இல்லை, 21 என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே அந்த டம்மியைப் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி, எந்தக் கட்டணத்தில் எடுப்பீர்கள், மடிப்பும் ஸ்டிக்கரும் இப்படி இருந்தால் போதுமா, எத்தனை பிரதி ஒரே நாளில் கொடுக்கலாம் என்று கேட்டு வந்துவிடுங்கள். கட்டணம் மாறியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

உறையில் போட்டு அனுப்புவதுதானே மரியாதை?

மரியாதை சரி, எடை? ஏ5 புத்தகம் நுழையும் உறை 80 ஜிஎஸ்எம் தாளில் கிட்டத்தட்ட 7 கிராம். உங்கள் 20 கிராமில் மூன்றில் ஒரு பங்கை வெறும் உறைக்கே கொடுக்கிறீர்கள். ஏ4 அளவு உறை 14 கிராம் போல வரும்.

பின்னட்டையின் கீழ்ப்பாதியை முகவரிக்கு ஒதுக்கிவிட்டு உறையில்லாமல் அனுப்புவதுதான் நான் சொல்வது. புத்தகம் வழியில் விரிந்துகொள்ளாமல் இருக்க, திறக்கும் ஓரத்தில் இரண்டு வட்ட ஸ்டிக்கர். அங்கே ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். பிரிக்கும்போது அட்டை கிழியும், கட்டுக்கட்டாக வைக்கும்போது ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும், பிரித்துப் போடுகிற தபால்காரர் விரலையும் குத்தும்.

திருமண அழைப்பிதழ் மாதிரி சில நூறு முக்கியமான வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்புவதென்றால் உறை போடுங்கள், யாரும் தடுக்கவில்லை.

வழவழப்பான ஆர்ட் பேப்பரா, பூச்சில்லாத சாதாரண மேப்லித்தோ தாளா?

பட்டுப்புடவை, நகை, பாத்திரம் என்றால் ஆர்ட் பேப்பர் இல்லாமல் நிறம் எழும்பாது. 20 கிராம் கோட்டைத் தாண்டி 10 ரூபாய் ஆகும் என்று தெரிந்தே 90 ஜிஎஸ்எம் போடுங்கள். 130 ஜிஎஸ்எம் கேட்காதீர்கள்; 16 பக்க ஏ5 புத்தகமே 32 கிராமுக்குப் போய்விடும், 40 கிராமுக்குள் பக்கம் கூட்ட இடம் இருக்காது. அதே ஜிஎஸ்எம்மில் ஆர்ட் பேப்பர் மேப்லித்தோவைவிட மெலிதாகத் தெரியும் என்பதையும் கையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறையப் பேர் அச்சான பிறகுதான் "நோட்டீஸ் மாதிரி இருக்கே" என்று வருத்தப்படுகிறார்கள்.

விதை, நாற்று, உரம், பண்ணைக் கருவி என்றால் மேப்லித்தோ போதும். விவசாயி அதில் பேனாவால் குறிப்பு எழுதிக்கொள்வார். ஆர்ட் பேப்பரில் மை ஒட்டாமல் வழுக்கும். 70 ஜிஎஸ்எம்மில் பின்பக்கத்துப் படம் கொஞ்சம் தெரியும்தான். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அடர்த்தியான படம் வராமல் டிசைனர் பார்த்துக்கொண்டால் போதும்.

அட்டைக்குத் தனியாகக் கனத்த தாள் போடுவதை 5 ரூபாய் கேட்லாக்கில் மறந்துவிடுங்கள். முதல் பக்கமே அட்டை.

எங்கள் வாடிக்கையாளரில் பாதி தமிழ், பாதி மலையாளம் படிப்பவர்கள். ஒரே புத்தகத்தில் இரண்டும் போடலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. ஒரே புத்தகத்தில் இரண்டு மொழியையும் நெருக்கினால் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும், எடை கூடாமல் இருக்க வேறு வழியும் இருக்காது. இரண்டு பதிப்பாகப் போடுங்கள். செலவு இரண்டு மடங்கு ஆகும் என்று பயப்பட வேண்டாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது.

நான்கு வண்ண அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளேட். 16 பக்கப் பாரத்துக்கு முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு, மொத்தம் எட்டு. எழுத்து முழுவதையும் வெறும் கருப்பில் மட்டும் வைத்துக்கொண்டால், மொழி மாறும்போது மாற வேண்டியது கருப்புப் பிளேட் இரண்டு மட்டும்தான். மற்ற ஆறும் அப்படியே இருக்கும். இயந்திரத்தில் தமிழ்ப் பிரதிகள் ஓடி முடிந்ததும் நிறுத்தி, கருப்புப் பிளேட்டை மட்டும் கழற்றி மலையாளத்தை மாட்டி ஓட்டுவார்கள்.

இது நடக்க வேண்டுமானால் டிசைனர் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சிவப்பு எழுத்து, பச்சை எழுத்து கூடாது. படத்தின் மேல் வெள்ளை எழுத்து கூடவே கூடாது, ஏனென்றால் வெள்ளை என்பது நான்கு பிளேட்டிலும் விட்டுவைத்த ஓட்டை; மொழி மாறினால் நான்கும் மாறும். மூன்றாவது, கருப்பு என்றால் கருப்பு மட்டும். கம்ப்யூட்டரில் பார்க்கக் கருப்பாகத் தெரியும் எழுத்து நான்கு வண்ணக் கலவையாக இருந்தால் மலையாளப் பிரதியில் தமிழ் எழுத்தின் நிழல் விழும். ஃபைலை அனுப்பும் முன் பிளேட்டுகளைத் தனித்தனியாகத் திரையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் ஒரு வரியில் முடிவது மலையாளத்தில் ஒன்றரை வரி ஆகலாம், சில சமயம் திருப்பியும் நடக்கும். ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு வரி இடம் காலியாக விட்டே கட்டம் போடுங்கள். நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்குப் பதிப்பு வேண்டும் என்றாலும் இதே வழிதான்.

எழுத்துருவில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைல் என்றால் ஆம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த தமிழும் எம்எல்-டிடி வகையில் அடித்த மலையாளமும் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கொட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். யூனிகோடுக்கு மாற்றி, இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதெல்லாம் பெரும்பாலும் அந்த அமைப்பைப் போடாததால் வருவது. ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து மலையாளம் தெரிந்தவர் ஒருவரைப் படிக்க வையுங்கள்.

முகவரிப் பட்டியல் எக்செலில் இருக்கிறது. அப்படியே லேபிள் அடித்துவிடலாமா?

எல்லைப் பகுதியில் அதிகம் திரும்பி வருவது முகவரியால்தான். கேட்லாக் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

தமிழ்நாட்டு முகவரிக்கு முதுகெலும்பு கதவு எண்ணும் தெருவும். கேரளத்தில் வீட்டுப் பெயரும் தபால் நிலையப் பெயரும். 'கதவு எண், தெரு, ஊர்' என்று மூன்று கட்டம் வைத்த எக்செலில் கேரள வாடிக்கையாளரின் வீட்டுப் பெயரை எங்கே போடுவது என்று தெரியாமல் கடைப்பையன் விட்டுவிடுவான். அந்த வீட்டுப் பெயர் இல்லாமல் தபால்காரர் தேட வேண்டியதுதான். எனவே வீட்டுப் பெயர், தபால் நிலையம், மாவட்டம் மூன்றுக்கும் தனிக் கட்டம் வையுங்கள். லேபிளில் ஆறு வரிக்கு இடம் வேண்டும்.

தமிழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். 'கே. ராஜன்' என்றும் 'ராஜன் கே.' என்றும் ஒரே ஆளுக்கு இரண்டு கேட்லாக் போகும். பெயரை வைத்துச் சலிக்காமல் செல்போன் எண்ணை வைத்துச் சலியுங்கள், இரட்டைப் பதிவு எல்லாம் ஓடி வந்து நிற்கும்.

அப்புறம் பின்கோடு. அதை ஊர்ப் பெயரைவிட நம்புங்கள். சித்தூர் என்று எழுதினால் பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா? முன்னது 678-இல் தொடங்கும், பின்னது 517-இல். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. கோபாலபுரம் சென்னையிலும் இருக்கிறது. முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்: பொள்ளாச்சி 642, பாலக்காடு 678. தெற்கே போனால் களியக்காவிளை 629, நடந்து போகும் தூரத்தில் உள்ள பாறசாலை 695. கம்பம் 625, குமுளி 685. வடக்கே திருத்தணி 631, நகரி 517.

பெயரைத் தமிழில் எழுதுவதில் தவறில்லை. எல்லை தாண்டும் தபாலில் தபால் நிலையத்தின் பெயரும் மாவட்டமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாலக்காட்டில் பிரிக்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்வது நியாயமில்லை.

லேபிளை லேசர் பிரிண்டரில் எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்த முகவரி ஆடி மழையில் ஒரு துளி பட்டால் கரைந்துவிடும். உங்கள் கடை முகவரியை இடது கீழ் மூலையில் அச்சிலேயே போட்டுவிடுங்கள். திரும்பி வருபவை உங்களிடமே வந்தால்தான் பட்டியலைத் திருத்த முடியும்.

தபால் நிலையத்தில் மூவாயிரத்தையும் எப்படிக் கொடுப்பது?

பக்கத்துச் சின்னத் தபால் நிலையத்தில் சாயங்காலம் நாலரை மணிக்கு மூட்டையோடு போய் நிற்காதீர்கள். தலைமைத் தபால் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் போங்கள். பின்கோடு வாரியாக அடுக்கி, எல்லா முகவரியும் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி, முதல் மூன்று எண் ஒன்றாக இருப்பதைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கட்டின் மேல் எண் எழுதிய சீட்டு வையுங்கள். எக்செலில் பின்கோடு வரிசைப்படி லேபிள் அடித்தால் இந்த வேலை தானாகவே முடிந்திருக்கும். அகர வரிசையில் அடித்துவிட்டு அப்புறம் தரையில் உட்கார்ந்து பிரிப்பது வீண் வேலை.

ஸ்டாம்ப் ஒட்டுவதற்குப் பதில், கட்டணத்தை இயந்திரத்தால் அச்சிடும் ஃபிராங்கிங் முத்திரை போடலாம். மூவாயிரம் ஸ்டாம்ப் ஒட்டுவது ஒரு வீட்டுக்கே ஒரு நாள் வேலை. ஃபிராங்கிங் போட்டதை முத்திரையில் உள்ள தேதியிலேயே, குறிப்பிட்ட தபால் நிலையத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முத்திரை விழும் இடம் வலது மேல் மூலை. அங்கே படமோ அடர்ந்த வண்ணமோ வைக்காமல் வெள்ளையாக விடச் சொல்லுங்கள். மடிப்பது, லேபிள் ஒட்டுவது, முத்திரை போடுவது எல்லாவற்றையும் தபால் துறையே கட்டணம் வாங்கிச் செய்து தரும் 'பிசினஸ் போஸ்ட்' சேவையும் இருக்கிறது. ஆள் கிடைக்காத கடைகளுக்கு அது நல்லது.

பட்ஜெட் போடும்போது ஜிஎஸ்டியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல் தபால் சேவைகளில் அஞ்சலட்டை, இன்லேண்டு, புத்தக அஞ்சல், 10 கிராமுக்குக் குறைவான சாதாரண உறை இவற்றுக்கு மட்டும்தான் விலக்கு என்று வைத்தார்கள்.

கேரள முகவரிகளை எல்லை தாண்டிப் போய் அங்கேயே தபாலில் போட்டால் சீக்கிரம் போகுமா?

கட்டணம் ஒன்றுதான், அதில் மிச்சம் கிடையாது. ஆனால் பொள்ளாச்சி தமிழ்நாடு தபால் வட்டம், சித்தூர் கேரளத் தபால் வட்டம். ஊர் பக்கத்தில் இருந்தாலும் தபால் நேர்க்கோட்டில் போகாது, பிரிக்கும் இடங்களைச் சுற்றித்தான் போகும். ஆயிரத்துக்கு மேல் கேரள முகவரி இருந்தால், யாராவது பாலக்காட்டுக்குச் சரக்கு எடுத்துப் போகும் நாளில் அந்தக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு அங்கே தலைமைத் தபால் நிலையத்தில் சேர்ப்பது நல்ல யோசனை. நூறு இருநூறுக்கு டீசல் செலவு கட்டாது.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாமா? எங்கே போகிறது என்று தெரியுமே.

2025 அக்டோபர் முதல் உள்ளூருக்கு வெளியே 50 கிராம் வரை 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பதிவுத் தபாலும் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கேட்லாக்குக்கு இது அதிகம். மொத்தமாக வாங்கும் ஐம்பது வியாபாரிகளுக்கு மட்டும் அனுப்புவதாக இருந்தால் யோசிக்கலாம்.

முகவரியே இல்லாமல் ஒரு ஊர் முழுக்கக் கொடுக்க முடியுமா?

தபால் துறையில் 'டைரக்ட் போஸ்ட்' என்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் பகுதியில் வீடு வீடாகத் தபால்காரரே போடுவார், பெயர் எழுத வேண்டாம். புதிதாகக் கடை திறக்கிறவர்களுக்கும் ஒற்றைத் தாள் நோட்டீசுக்கும் அது பொருந்தும். 32 பக்கக் கேட்லாக்கை அப்படிக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தென்னந்தோப்பே இல்லாத வீட்டுக்குத் தென்னங்கன்று விலைப்பட்டியல் எதற்கு?

இணையத்தில் அமெரிக்க டெம்ப்ளேட் ஒன்று எடுத்தோம், நீளமாக, ஒல்லியாக அழகாக இருக்கிறது. அதையே வைக்கலாமா?

அந்த ஒல்லி வடிவத்துக்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தபாலில் உயரம் ஆறேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, நீளம் பதினொன்றரை அங்குலத்துக்குள், கனம் கால் அங்குலத்துக்குள் இருந்தால்தான் 'கடிதம்' என்ற மலிவான வகையில் சேரும். அதைத் தாண்டினால் பெரிய உறை வகைக்குப் போய்க் கட்டணம் ஏறும். மொத்தத் தபால் விலை கிடைக்கவும் குறைந்தது 200 பிரதியோ 50 பவுண்டோ வேண்டும். எல்லாம் அங்கே பிரிக்கும் இயந்திரத்துக்காக வகுத்த விதிகள். நம் சாதாரணத் தபாலில் கட்டணத்தை முடிவு செய்வது தராசு. வடிவம் பிடித்திருந்தால் வையுங்கள், ஆனால் டெமி தாளில் எத்தனை விழுகிறது என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். ஏ4-ஐ மூன்றாக மடித்த 9.9 x 21 சென்டிமீட்டர் அளவில் 24 பக்கம் 70 ஜிஎஸ்எம்மில் பதினேழரை கிராம்தான். ஒல்லியாகத்தான் வேண்டும் என்றால் அது நல்ல அளவு.

எந்த மாதத்தில் அனுப்ப வேண்டும்?

விதைக்கும் நாற்றுக்கும் சொல்லவே வேண்டாம், ஆடிப்பட்டம் தேடி விதை. ஆனி பாதியிலேயே கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் கேரளத்தில் ஓணம்தான் பெரிய விற்பனை. நம் ஆடி அவர்களுக்குக் கர்க்கடகம். அதில் யாரும் பெரிதாக வாங்க மாட்டார்கள், ஆனால் சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்ததும் என்ன வாங்குவது என்று அப்போதே வீட்டில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே மலையாளப் பதிப்பு கர்க்கடகம் நடுவில் வீட்டுக்குப் போக வேண்டும். தமிழ்ப் பதிப்பை ஆடித் தள்ளுபடிக்குச் சேர்த்து ஆனிக் கடைசியில் அனுப்பலாம். இரண்டையும் ஒரே நாளில் அச்சடித்து, மலையாளக் கட்டை மழை படாத இடத்தில், தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்திருங்கள்.

ஆர்டர் படிவம் தேவையா? இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது.

பின்னட்டையின் மேல்பாதியில் க்யூஆர் குறியும் வாட்ஸ்அப் எண்ணும் போதும். க்யூஆரை இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். மடிப்புக் கோட்டின் மேலோ ஸ்டிக்கர் ஒட்டும் இடத்திலோ வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் சின்னக் குறி எண் கொடுங்கள். "பன்னிரண்டாம் பக்கத்தில் மேலே இருக்கே, அந்தச் செடி" என்று போனில் கேட்பவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் அது மிச்சம். குறி எண் இரண்டு மொழிப் பதிப்பிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

அச்சான பிறகு விலை மாறிவிட்டால்?

மாறும் என்றே நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். தேங்காய் விலையோடு கன்று விலையும் ஆடுகிற ஊர் இது. விலையைப் புத்தகத்தில் போடாமல் குறி எண் வரிசையில் தனியாக ஒரு ஏ5 தாளில் அச்சிட்டு உள்ளே செருகிவிடலாம். 60 ஜிஎஸ்எம் தாளில் அந்த ஒரு இதழ் இரண்டு கிராமுக்குள் நிற்கும். அந்த இரண்டு கிராமையும் டம்மி கட்டும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள், 18 கிராம் புத்தகத்துக்குள் அதைச் செருகினால் மறுபடியும் கோட்டின் மேல்தான் நிற்பீர்கள். அப்படியானால் புத்தகத்தை 70 ஜிஎஸ்எம்முக்கு இறக்க வேண்டும். 14 x 20 அளவில் 16 பக்கம் பதினைந்தரை, அதோடு விலைத்தாள் இரண்டு, லேபிளும் பின்னும் ஒன்று, ஆக பதினெட்டரை.

செருகிய தாள் வழியில் நழுவி விழாமல் இருக்க, நடுப்பக்கத்தில் பின்னோடு சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். ஏ5 தாளை 14 x 20-க்கு வெட்டாமல் கொடுத்தால் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் விலைத்தாளையும் புத்தகத்தோடு சேர்த்தே வெட்ட வேண்டும் என்று பைண்டிங் செய்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்.